பிறர் அளந்த எண்களைச் சேர்ப்பதும் ஆராய்ச்சிதானா?

மகள் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகிறாள் என்று சொன்னபோது இருந்த மகிழ்ச்சி, அங்கே அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்ததும் வடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. நுண்ணோக்கி கிடையாது, சோதனைக்குழாய் கிடையாது. யாரோ எப்போதோ செய்த ஆய்வுகளின் அட்டவணைகளைக் கணினியில் ஒன்று சேர்க்கும் வேலை. இதற்கா நான்கு பேரிடம் கேட்டு உயிர்வேதியியல் படிக்க வைத்தோம் என்கிறீர்கள். உயிர்வேதியியல் தெரியாதவர் கையில் கொடுத்தால் கெட்டுப்போகும் வேலை இது. ஏன் என்று சொல்கிறேன்.

புற்றுநோய் செல் சாப்பிடும் விதமே வேறு. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் பல கட்டிகள் குளுக்கோஸை வாரி இழுத்து லாக்டேட் என்ற பொருளாக மாற்றுகின்றன. ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே இதைக் கண்டார். இன்று பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்ந்து தெரிவதும் இந்தக் குளுக்கோஸ் பசியால்தான். ரத்தம், சிறுநீர், திசு ஆகியவற்றில் உள்ள இத்தகைய சிறு மூலக்கூறுகளை நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் அளப்பதை மெட்டபாலோமிக்ஸ் என்கிறார்கள்.

இந்தத் துறையில் 2009-இல் வெளிவந்த இரண்டு கண்டுபிடிப்புகளைப் பாருங்கள். இரண்டும் ‘நேச்சர்’ இதழில் வந்தவை. மூளைக் கட்டிகளில் பிறழ்வடைந்த ஐடிஹெச்1 என்சைம், 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருளைக் குவிக்கிறது என்றது ஒன்று. புராஸ்டேட் புற்றுநோய் முற்ற முற்ற சார்கோசின் என்ற பொருள் கூடுகிறது, சிறுநீரிலும் அதை அளந்து பார்க்கலாம் என்றது மற்றொன்று. முதலாவது நிலைத்தது, பிறழ்ந்த அந்த என்சைமைத் தடுக்கும் ஐவோசிடெனிப் மருந்து 2018-இல் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டாவதைச் சிறுநீரில் சோதித்த வேறு சில குழுக்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. வெளிவந்த அன்று இரண்டில் எது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? பல இடங்களில், பல நோயாளிகளிடம் எடுத்த அளவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் மகள் உட்காரப்போகும் நாற்காலி அங்கேதான் இருக்கிறது.

அந்த மேசையில் என்ன இருக்கும் என்று ஒருமுறை கிட்டே போய்ப் பார்ப்போம். நான்கு ஆய்வுகள், நான்கு அட்டவணைகள். ஒன்றில் ‘லாக்டேட்’, அடுத்ததில் ‘லாக்டிக் அமிலம்’, மூன்றாவதில் ‘எல்-லாக்டேட்’, நான்காவதில் பெயரே இல்லாமல் நிறையைக் குறிக்கும் 89.02 என்ற எண் மட்டும். நான்கும் குறிப்பது ஒரே பொருளைத்தான். முதல் அட்டவணையில் மதிப்பு 2.3 மில்லிமோல், இரண்டாவதில் கருவி தந்த லட்சக்கணக்கான ஒரு எண், அலகே கிடையாது. ஒருவர் ‘கிடைக்கவில்லை’ என்பதற்குப் பூஜ்யம் போட்டிருக்கிறார், இன்னொருவர் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். லியூசினும் ஐசோலியூசினும் ஒரே நிறை கொண்டவை; ஓர் ஆய்வகம் அவற்றைப் பிரித்து எழுதியிருக்கும், இன்னொன்று சேர்த்து ஒரே வரியில் எழுதியிருக்கும். எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது என்பதை வேதியியல் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

இதைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத பிழை. எடுத்த ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தெடுக்காமல் குழாயில் அப்படியே வைத்திருந்தால், அந்த ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். நோயாளிகளின் ரத்தம் ஒரு மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தது, நலமாக இருப்பவர்களின் ரத்தம் வேறோர் இடத்தில் உடனே பிரிக்கப்பட்டது என்றால், கணினி அந்த வித்தியாசத்தைப் புற்றுநோயின் அடையாளம் என்றே காட்டும். இப்படி ஒன்றாகச் சேகரித்து அளந்த மாதிரிகளை ஒரு தொகுதி என்பார்கள். தொகுதிக்குத் தொகுதி வரும் வேறுபாட்டைச் சரிசெய்ய காம்பேட் போன்ற புள்ளியியல் முறைகள் உண்டு. ஆனால் நோயாளிகள் எல்லாரும் ஒரு தொகுதி, மற்றவர்கள் எல்லாரும் இன்னொரு தொகுதி என்று அமைந்துவிட்டால், நோயையும் தொகுதியையும் எந்த முறையாலும் பிரிக்க முடியாது. அந்த ஆய்வை ஒதுக்கிவைக்கத் துணிவு வேண்டும். பல மாத உழைப்பை ஒதுக்குவது எளிதல்ல. ஆனாலும் அதைச் செய்பவரைத்தான் நல்ல ஆய்வுக்குழுக்கள் தேடுகின்றன.

அவள் இனிக் கற்க வேண்டியவற்றில் முதலிடம் புள்ளியியலுக்கு. எண்களை நேராகக் கொட்டிக் கலக்காமல், ஒவ்வோர் ஆய்வுக்குள்ளும் நோயாளிக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் கணக்கிட்டு, பிறகு அந்த வித்தியாசங்களை ஒன்றுசேர்ப்பதற்கு மெட்டா அனாலிசிஸ் என்று பெயர். அதை ஆழமாகப் படிக்கட்டும். நிரல் மொழிகளில் ஆர், பைத்தான் இரண்டில் ஒன்று போதும். மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் கருவியான நிறைமாலைமானி எப்படி அளக்கிறது என்பதை ஆய்வகத்தில் சில வாரங்களாவது நேரில் பார்ப்பது மிகவும் உதவும்.

பணம் கட்டிச் சேரும் குறுகியகாலச் சான்றிதழ் படிப்புகளுக்கு இப்போது அவசரப்படாதீர்கள். மெட்டபாலோமிக்ஸ் வொர்க்பெஞ்ச் என்ற அமெரிக்கத் தரவுக் களஞ்சியத்திலும், ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் களஞ்சியத்திலும் உண்மையான ஆய்வுத் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே புற்றுநோய், ஒரே வகை மாதிரி, இரண்டு ஆய்வுகள் என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும். எத்தனை பொருள்கள் இரண்டிலும் பொருந்துகின்றன, எவற்றை ஏன் விட்டாள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். நேர்முகத் தேர்வில் அந்த நோட்டு எந்தச் சான்றிதழைவிடவும் அதிகம் பேசும்.

வேலை நிலவரத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தரவுத் தொகுப்பாளர், உயிர்த்தகவலியல் ஆய்வாளர் போன்ற பணிகளுக்கு முதுநிலைப் பட்டம் போதும். ஆனால் பல பணிகள் ஆராய்ச்சி நிதி இருக்கும்வரை நீடிக்கும் ஒப்பந்தப் பணிகள். சொந்தமாக ஆய்வை வழிநடத்த முனைவர் பட்டம் வேண்டும், அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். உங்கள் கவலையில் இந்தப் பகுதி உண்மையானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே சமயம், இங்கே கற்ற புள்ளியியலும் நிரல் எழுதும் பழக்கமும் மருந்து நிறுவனங்களின் மருத்துவப் பரிசோதனைத் தரவுப் பிரிவுகளிலும் பயன்படும். ஒரு வாசல் மூடினால் தெருவில் நிற்கும்படி ஆகாது.

இரண்டு மாதம் அவகாசம் கொடுங்கள். ஒரே பொருளுக்கு நான்கு பெயர் இருப்பதைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வருகிறதா, ஏன் என்று தோண்டத் தோன்றுகிறதா என்பதை அருகில் இருந்து கவனியுங்கள். எரிச்சல்தான் மிஞ்சுகிறது என்றால் ஆய்வகப் பணி சார்ந்த வேறு வழிகளைப் பார்ப்போம். தோண்டுகிறாள் என்றால் அந்த நோட்டோடு அவளை அழைத்து வாருங்கள். எந்த முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று மூவரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம்.