கணப்புக் குறடா, கொல்லுப்பட்டறைக் குறடா?

கேள்வி: புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தையில் இரண்டடி நீளமுள்ள இரும்புக் குறடு ஒன்றைப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர் வீட்டுக் கணப்பில் (குளிர்காயும் அடுப்பில்) கொள்ளி எடுக்கப் பயன்பட்டது, 150 ஆண்டுப் பழையது என்று சொல்லி 3,500 ரூபாய் கேட்கிறார்கள். துருவும் ஏறியிருக்கிறது. நம்பி வாங்கலாமா?
– கடலூர் வாசகர்

பதில்: முதலில் குறட்டின் இரு கைகளையும் இணைக்கும் ஆணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கணப்புக் குறடு கொள்ளியை அகலமாகப் பற்ற வேண்டியிருப்பதால், அதன் ஆணி பெரும்பாலும் மேலே கைப்பிடிக்கு அருகிலும், நுனிகள் காசு போலத் தட்டையாகவும் இருக்கும். கொல்லுப்பட்டறைக் குறட்டிலோ, பழுக்கக் காய்ந்த இரும்பு சம்மட்டி அடிக்கு நழுவாதபடி இறுகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, ஆணி வாயை ஒட்டியே இருக்கும். நம் ஊர் வெக்கையில் கணப்பு வைத்த வீடு அரிது. ஆகவே நீங்கள் பார்த்தது பட்டறைக் குறடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை நான் குறைவாக மதிக்கமாட்டேன். பிடிக்க வேண்டிய இரும்பு பட்டையா, சதுரமா, உருண்டையா என்பதற்கேற்ப வாயை வளைத்து, தம் குறட்டைத் தாமே அடித்துக்கொண்ட கொல்லரின் கைவேலை அது.

கையால் அடித்ததென்றால் இரு கைகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருக்காது. தடிமன் மெல்ல மெல்லக் குறைந்து செல்லும், சம்மட்டியின் தட்டைத் தழும்புகள் விரலுக்குத் தட்டுப்படும், ஆணியின் தலையும் சற்றே கோணலாக இருக்கும். ஓரத்தில் நேர்கோடாக மேடு ஓடினால் அது வார்ப்பு. மின்சாரப் பற்றவைப்பின் (வெல்டிங்) புடைப்பு தெரிந்தால், பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ செய்தது அல்லது பழுதுபார்த்தது.

துருவை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். நம் உப்புக்காற்றில் புது இரும்பே சில மாதங்களில் துருவேறிவிடும். ஆனால் அரிப்பு ஆழமாக விழுந்த இடத்தில் மரத்தின் நார் போல நீளவாட்டில் வரிகள் தெரிந்தால், அது கசடு கலந்த பழைய தேனிரும்பாக (wrought iron) இருக்கலாம். இன்றைய எஃகில் அந்த வரிகள் வராது.

இத்தனை அடையாளமும் கைவேலையைக் காட்டுமே தவிர, 150 ஆண்டு என்பதை நிறுவாது. அந்த வயதுக்காகத்தான் கூடுதல் விலை என்றால், வயதையும் பயன்பாட்டையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பொய்யான விவரம் சொல்லி விற்றிருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிட அந்த ரசீது உதவும். எழுதித் தர மறுத்தால், கைவேலைக்கு உரிய விலையை மட்டும் பேசுங்கள்.