மாற்றிய பாகமே மறுபடியும் போவது ஏன்? பழைய என்ஜின்கள் பற்றிய கேள்வி பதில்

பழைய வண்டிகளைச் சீரமைப்பவர்கள் அனுப்பியிருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: ஒரு பாகம் பழுதானது, புதியது போட்டோம், சில நூறு கிலோமீட்டருக்குள் அதுவும் போய்விட்டது. முதல் முறை பழுதாவதற்கு வயது காரணமாக இருக்கலாம். அதே இடத்தில் இரண்டாம் முறையும் பழுதானால், அந்தப் பாகத்தைக் கெடுக்கும் காரணம் என்ஜினுக்குள் அப்படியே இருக்கிறது என்று கொள்ள வேண்டும். கேள்விகளைச் சுருக்கித் தந்துள்ளேன். திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டைப் பற்றியே பலரும் கேட்டிருப்பதால் அதற்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (மதுரை): ஐயா, என்னுடையது 1978ஆம் ஆண்டு புல்லட் 350. சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து (போர் அடித்து) புது பிஸ்டன் போட்டோம். முந்நூறு கிலோமீட்டருக்குள் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. அடுத்த ஓவர்சைஸ் (ஒரு படி பெரிய) பிஸ்டன் போட்ட பிறகும் அதேதான் நடந்தது. பிஸ்டன் கம்பெனியை மாற்றிப் பார்க்கும்படி மெக்கானிக் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றுவதற்கு முன், கழற்றிய இரண்டு பிஸ்டன்களும் உங்களிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டறையிலேயே விட்டு வந்திருந்தால் போய் வாங்கி வாருங்கள். அவற்றின் மேல் இருக்கும் கீறல்கள் எந்த இடத்தில், எந்த வடிவத்தில் இருக்கின்றன என்பதை வைத்தே காரணத்தில் பாதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னின் இரு புறமும் நான்கு மூலைகளில் தேய்ந்திருந்தால், பிஸ்டன் விரிவதற்குப் போதிய இடைவெளி இல்லை, அல்லது என்ஜின் சூடேறும் முன்பே வண்டியை விரட்டியிருக்கிறார்கள் என்று பொருள். தேய்மானம் எக்சாஸ்ட் பக்கம் மட்டும் கடுமையாக இருந்து, பிஸ்டன் தலையின் விளிம்பும் அரித்ததுபோல் காணப்பட்டால், பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் சேரவில்லை), அல்லது இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், தவறியிருக்கிறது. ஒரு பக்கம் தலைக்கு அருகிலும் எதிர்ப்பக்கம் ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ச்சுவர்) அடியிலும் எனக் கோணலாகத் தேய்ந்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறது. அந்த ராடை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி பிஸ்டனைப் போட்டாலும் பயனில்லை. சுற்றிலும் மங்கலான சாம்பல் நிறத்தில் நெடுக்காக மெல்லிய கோடுகள் ஓடினால், ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து முடிக்கும் வேலை) செய்த கல்லின் தூள் சிலிண்டரிலேயே தங்கியிருக்கிறது.

இந்தக் கடைசிக் காரணத்தைப் பலரும் நம்புவதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். போரிங் கடையிலிருந்து வந்த சிலிண்டரை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவித் துடைத்துப் பூட்டுவதுதான் நம் பட்டறைகளின் வழக்கம். பெட்ரோல் எண்ணெயைக் கரைக்குமே தவிர, ஹோனிங் கோடுகளுக்குள் சிக்கிய கல்தூளை வெளியே கொண்டுவராது. வெந்நீரும் சோப்புத்தூளும் கொண்டு பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவிய வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் ஒட்டுகிற வரை மறுபடி கழுவத்தான் வேண்டும்.

அளவுக்கு வருவோம். இந்த என்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. வார்ப்பிரும்பு சிலிண்டருக்குள் ஓடும் அலுமினிய பிஸ்டனுக்கு ஸ்கர்ட்டில் 0.075 முதல் 0.10 மி.மீ. வரை, அதாவது மூன்று நான்கு தௌ (ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்), இடைவெளி தேவைப்படும். பிஸ்டனோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பிஸ்டன் முழு வட்டமாகவோ நேரான உருளையாகவோ இருக்காது, ஆகவே பின்னுக்குக் குறுக்காக, ஸ்கர்ட்டின் கீழ்ப்பகுதியில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். இத்தனை எண்களையும் ஒரு தாளில் எழுதித் தர மறுக்கும் போரிங் கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள். ரிங் முனைகளுக்கு இடையே சுமார் 0.28 மி.மீ. இருக்கட்டும், சூட்டில் இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டால் ரிங்கே சிலிண்டரைக் கிழித்துவிடும்.

கலவையையும் டைமிங்கையும் பிஸ்டனைப் பூட்டிய பிறகு, வண்டியை வெளியே எடுக்கும் முன்பே சோதியுங்கள். இந்த மாடலில் அட்வான்ஸ் யூனிட் (வேகம் கூடும்போது தீப்பொறியை முன்னே தள்ளும் அமைப்பு) முழுதும் பின்னே இருக்கும் நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறி எழுப்பும் தொடுமுனை) திறக்க வேண்டும். அட்வான்ஸ் யூனிட்டின் எடைகள் துருவேறி ஒரே இடத்தில் நின்றுவிட்டால், நிறுத்திவைத்துப் பார்க்கும் டைமிங் சரியாக இருந்தாலும் ஓட்டத்தில் தவறிவிடும். கார்ப்பரேட்டர் பிளேஞ்ச் வளைந்து அந்த வழியே காற்று புகுகிறதா என்றும் பாருங்கள்: ஐடிலில் ஓடும்போது இணைப்பைச் சுற்றிச் சிறிது எண்ணெய் விட்டால் ஓட்டம் மாறக் கூடாது. இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஜெட் (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) அளவுக்குக் கலவையைச் சற்று மெலியவைக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கின் பீங்கான் வெண்மையாக வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி உயர்த்துங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): புல்லட்டில் பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்) அடுத்தடுத்து இரண்டு முறை போய்விட்டது. ஹெட்டில் ராக்கருக்கு (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) ஆயில் நன்றாக வருவதால் பம்பில் குறையில்லை என்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த ஒரு தவறான முடிவினால்தான் பல நல்ல கிராங்குகள் வீணாகின்றன. இந்த என்ஜினில் இரண்டு பம்புகள் இருக்கின்றன. ஒன்று ஆயில் டேங்கிலிருந்து எண்ணெயை எடுத்து பிக் எண்டுக்கு அனுப்புகிறது. மற்றொன்று கிராங்க் கேஸில் வடிந்த எண்ணெயைத் திரும்ப எடுத்து, வழியில் ராக்கர்களுக்கும் கொடுத்து, டேங்குக்கு அனுப்புகிறது. ராக்கரில் நீங்கள் காண்பது இந்தத் திரும்பும் எண்ணெய். பிக் எண்டுக்குப் போக வேண்டிய எண்ணெய் நடுவழியில் கசிந்து கிராங்க் கேஸில் விழுந்தாலும் திரும்பும் பம்ப் அதை எடுத்து ராக்கருக்குத் தாராளமாகக் கொடுக்கும்.

கசிவு பெரும்பாலும் டைமிங் கவரிலிருந்து கிராங்கின் முனைக்குள் எண்ணெய் புகும் இடத்தில், அங்கிருக்கும் சிறிய சீலில் நிகழ்கிறது. அது இறுகிப்போயிருந்தாலோ, கவரைப் பூட்டும்போது மடங்கியிருந்தாலோ, பம்பின் அழுத்தம் முழுவதும் அங்கேயே வீணாகிவிடும். விலை மிகக் குறைந்த பாகம் என்பதாலேயே அதை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். கவரை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதியதைப் போடுங்கள்.

அடுத்ததாக எண்ணெய் வழியைச் சோதியுங்கள். கிராங்கைச் சேர்த்து முடித்ததும், கேஸுக்குள் வைக்கும் முன்பு, ஷாஃப்ட்டின் முனைத் துளையில் ஆயில் கேனை அழுத்திப் பிடித்து எண்ணெய் செலுத்துங்கள். ராடின் இரு பக்கங்களிலும் எண்ணெய் ஊறி வர வேண்டும். வரவில்லையென்றால், கிராங்க் பின்னின் துளை ஃப்ளைவீல் துளைக்கு நேராக நிற்கவில்லை, அல்லது ஃப்ளைவீலுக்குள் பழைய கசடு அடைத்திருக்கிறது. முதல் பிக் எண்ட் உடைந்தபோது உதிர்ந்த உலோகத் தூள் அந்த வழிகளிலும், பம்புகளிலும், டேங்கின் அடியிலும் தங்கியிருக்கும். அவற்றை முழுதும் சுத்தம் செய்யாமல் புது பிக் எண்ட் போட்டால், முதல் நாளிலேயே அந்தத் தூளை அதற்குள் அனுப்புகிறீர்கள். இரண்டாவது பிக் எண்ட் முதலாவதைவிடச் சீக்கிரம் போனது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்.

ஃப்ளைவீல்களை லேத் சென்டரில் வைத்து டயல் கேஜில் பார்க்கும்போது, சுழற்றினால் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது. பழைய மாடலில் பிக் எண்டில் இருப்பது மிதக்கும் புஷ். அது எண்ணெய்ப் படலத்தை நம்பி வாழ்கிறது. டாப் கியரில் மெதுவாக இழுத்து ஏற்றம் ஏறும் பழக்கம் அந்தப் படலத்தை நசுக்கிவிடும் என்பதால், ஓட்டுபவரும் கியரைக் குறைக்கப் பழக வேண்டும்.

கேள்வி (திருச்சி): வண்டியை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றினோம். அன்றிலிருந்து பாயிண்ட் மாதம் ஒன்று கருகுகிறது. கண்டன்சரையும் மாற்றிவிட்டோம்.

பதில்: இக்னிஷன் காயிலை மாற்றினீர்களா? பழைய 6 வோல்ட் காயிலின் பிரைமரி தடை ஏறத்தாழ ஒன்றரை ஓம் இருக்கும். அதன் வழியே 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர் பாயும். அதைத் திறந்து மூடும் பாயிண்ட் கருகாமல் என்ன செய்யும்? மூன்று நான்கு ஓம் உள்ள 12 வோல்ட் காயிலைப் போடுங்கள். கண்டன்சர் 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கட்டும், பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். அதன்பிறகும் கருகினால், பாயிண்ட் அறைக்குள் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): புல்லட்டில் எக்சாஸ்ட் வால்வு எரிந்துபோகிறது. வால்வும் சீட்டும் புதிதாகச் செய்தோம்; மீண்டும் எரிந்துவிட்டது.

பதில்: புஷ்ராட் (ராக்கரைத் தள்ளும் கம்பி) எந்த நிலையில் சரிசெய்யப்படுகிறது என்று நேரில் நின்று பாருங்கள். என்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் முடிவில் உச்சியில் நிற்க வேண்டும். அந்த நிலையில் புஷ்ராட் விரலால் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. சூடான என்ஜினிலோ வேறு நிலையிலோ சரிசெய்தால் ஒரு நூலளவு இறுக்கம் தங்கிவிடும். எக்சாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியைச் சீட்டில் அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. முழுதும் அமராத வால்வுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இறுக்கம் சரியாக இருந்தும் எரிந்தால், டிகம்ப்ரசர் வால்வு (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் சிறு வால்வு) கசிகிறதா, வால்வு ஓடும் கைடு தேய்ந்து வால்வு ஆடுகிறதா என்று பாருங்கள். டைமிங் மிகவும் பின்தங்கியிருந்தாலும் இதே விளைவுதான்.

கேள்வி (காரைக்குடி): தாத்தா காலத்து அம்பாசடர், பெட்ரோல் 1489 சி.சி. ஹெட் கேஸ்கெட் மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

பதில்: எந்த இடத்தில் வெடிக்கிறது என்று குறித்துவைத்தீர்களா? இந்த என்ஜினில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு எக்சாஸ்ட் வழி ஒன்றே என்பதால் அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி அதிகம் சூடாகும். கேஸ்கெட் அங்கே கருகியிருந்தால் ஹெட்டை மட்டும் சமப்படுத்திவிட்டு நிற்காதீர்கள். பிளாக்கின் மேல் முகத்திலும் நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். பல ஆண்டுகள் ஸ்டட்டுகளை இழுத்து இழுத்து முறுக்கியதில், ஸ்டட் துளைகளைச் சுற்றிய இரும்பு சற்று மேலே எழும்பியிருக்கும். அந்த மேடு இருக்கும்வரை கேஸ்கெட் சரியாக நசுங்காது.

கேஸ்கெட் பின்பக்கம், நான்காம் சிலிண்டர் அருகே போனால், பிளாக்கின் தண்ணீர் அறையில் துருச்சேறு படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளாக்கின் வடிகுழாயைத் திறந்தால் தண்ணீர் தாராளமாக வர வேண்டும்; சொட்டினாலோ, வரவே இல்லையென்றாலோ, கம்பி விட்டுக் கிளறிச் சேற்றை வெளியேற்றுங்கள். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல சுற்றுகளில், டார்க் ரெஞ்ச் கொண்டே முறுக்குங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு பற்றிக் கேட்டிருப்பவருக்கும், அதே 1489 சி.சி. என்ஜின் என்றால், இதுவே பதில்.

கேள்வி (சேலம்): மைசூரில் தயாரான ஜாவா 250. பிஸ்டன் தலையில் ஓட்டை விழுகிறது. ஜெட்டைப் பெரிதாக்கியும் நிற்கவில்லை.

பதில்: டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் கேஸும் கலவை செல்லும் பாதையே. டைனமோ இருக்கும் வலப்பக்கத்து கிராங்க் சீல் இறுகிப்போனால் அந்த வழியே காற்று புகுந்து கலவை மெலியும். கார்ப்பரேட்டரில் எதைச் செய்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. இடப்பக்கத்து சீல் போனால் பிரைமரி செயின் அறையின் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகை மிகும், ஆகவே அதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வலப்பக்கத்துப் பழுது புகையே காட்டாமல் பிஸ்டனைத் தின்னும். இன்லெட்டையும் எக்சாஸ்ட்டையும் அடைத்துவிட்டு, ஏறத்தாழ 0.4 பார் அழுத்தத்தில் காற்றை நிரப்பி, சில நிமிடம் அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். சோப்புநீர் தடவினால் கசியும் இடம் நுரைக்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): சில வாரம் நிறுத்திவைத்த புல்லட்டை எடுத்தால் புகை மண்டுகிறது, டேங்கில் ஆயில் அளவும் குறைந்திருக்கிறது. ரிங் மாற்றியும் அப்படியே இருக்கிறது. மறுபடியும் ரிங் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நிற்கும் காலத்தில் டேங்கின் எண்ணெய் பம்ப் வழியே மெல்லக் கசிந்து கிராங்க் கேஸில் இறங்கியிருக்கிறது. கிராங்க் கேஸின் வடிதிருகைத் திறந்து அந்த எண்ணெயை இறக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், புகை வராது. ஓரிரவுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது என்றால் மட்டும் பம்ப்பின் பிஸ்டனையும் டிஸ்க்கையும் கழற்றிப் பாருங்கள்.