வீட்டுரிமை, குடிமையுரிமை வழக்குகளை மட்டும் நடத்தி ஒரு வழக்கறிஞர் பிழைக்க முடியுமா?

சட்டக் கல்லூரி இறுதியாண்டில் இருக்கிறீர்கள் போலும். நேராகச் சொல்கிறேன்: முடியாது. காசோலை வழக்கிலும் பாகப்பிரிவினை வழக்கிலும் வரும் பணத்தில்தான் என் அலுவலக வாடகை போகிறது. "உரிமை பேசுகிறவர் ஃபீஸ் பேசலாமா?" என்று கேட்க ஒருவர் வருவார். குமாஸ்தாவுக்கு அவர் சம்பளம் தரட்டும், நான் பேசாமல் இருக்கிறேன்.

பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றுவது பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஓல்கா டெல்லிஸ் வழக்கை (1985) படித்திருப்பீர்கள். பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்ற வரியோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். உரிய முறைப்படி அகற்றலாம் என்றதும் அதே தீர்ப்புதான். 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் என்றது. கடைசியில் எல்லாம் ஒரு அட்டையில் வந்து நிற்கிறது. நம்மூரில் 1971 குடிசைப் பகுதிச் சட்டம் இருந்தும், சென்னையில் 1985க்குப் பிறகு பல பத்தாண்டுகள் புதிதாக எந்தப் பகுதியையும் அதன்கீழ் குடிசைப் பகுதியாக அறிவிக்கவில்லை. அறிவிக்காத இடத்தில் குடியிருப்பவர் எதைக் காட்டுவார்?

கூவம் கரையோரம் ஒரு வழக்கு. அரையாண்டுத் தேர்வு நேரத்தில், வாய்மொழியாகவே காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ஒரு பாட்டி பிளாஸ்டிக் பையிலிருந்து பழைய பி மெமோக்களை எடுத்து மேசையில் வைத்தார். 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அபராதம் கட்டச் சொல்லி வருவாய்த் துறை கொடுக்கும் காகிதம் அது. "குற்றம்னு எழுதிக் கொடுத்ததாச்சே, இது உதவுமா தம்பி?" என்றார். அவர்கள் அங்கே பல காலமாக இருப்பதற்கு அதைவிட நல்ல சான்று எங்களிடம் இல்லை. கல்வியாண்டு முடியும்வரை அவகாசம் கிடைத்தது. பிறகு, நகரின் தெற்கு விளிம்பில் இருக்கும் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புதான். வீட்டு வேலைக்குப் போய்வந்த பெண்கள் பலர், பஸ்ஸிலேயே பாதி நாள் போகிறது என்று வேலையை விட்டார்கள். இதை வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள்.

"நீர்நிலை ஆக்கிரமிப்புக்கு வக்காலத்தா?" என்பவர்களுக்கு: ஆற்றங்கரையில் யாரும் ஆசைப்பட்டுக் குடியேறுவதில்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அவர்கள் வீடுதான்.

குடிமையுரிமை என்றும் கேட்டிருக்கிறீர்கள். சாதி, மதம் பார்த்து வீடு தர மறுக்கும் தனி உரிமையாளரை எதிர்த்து இங்கே சட்டத்தில் பிடி அதிகம் கிடையாது. பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்த அகமதாபாத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கு உச்ச நீதிமன்றமே 2005இல் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதை விடுங்கள், வழக்கறிஞர் என்றாலே சென்னையில் வாடகைக்கு வீடு கிடைக்காது. "வக்கீலா? காலி பண்ண மாட்டீங்களே" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். நாள் முழுக்க ஊரார் வீட்டுக்கு வாதாடுகிற என் வாடகை ஒப்பந்தம் இன்று ஆசிரியையான மனைவியின் பெயரில் இருக்கிறது.

வருவதென்றால் வாருங்கள். அ பதிவேடு, அடங்கல் போன்ற வருவாய்த் துறை நிலப் பதிவேடுகளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள்; சீனியரிடம் சேரும் அன்றே மாதம் எவ்வளவு தருவார் என்று கேட்டுவிடுங்கள்.