நாகப்பட்டினமும் கடாரமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நாகப்பட்டினத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். பினாங்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இன்று பதில்.

ராஜேந்திர சோழன் கடாரம் வென்றதை வகுப்பில் நடத்துகிறேன். அதற்கு முன் இரு நாட்டுக்கும் பகைதானா? (ஓர் ஆசிரியை, சுங்கை பட்டாணி)

இல்லை டீச்சர், நல்ல நட்பு இருந்தது. சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தையும் இன்றைய கெடாவான கடாரத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டத் தொடங்கினான். மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை முடித்து, அப்பா பெயரையே வைத்தான்: சூளாமணி விகாரம். அப்போது தஞ்சையில் ராஜராஜன் பெரிய கோயிலை எழுப்பிக்கொண்டிருந்தான். சிவபாதசேகரன் என்று பட்டம் கொண்டவன், தன் 21-ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்தப் புத்தப் பள்ளிக்குக் கொடுத்தான். பெண் யானையை நடக்கவிட்டு ஊர் எல்லை குறித்தார்கள். இதையெல்லாம் 21 செப்பேடுகளில் விவரமாகப் படிக்கலாம். பிற்காலத்தில் டச்சுக்காரர்கள் வழியாக ஹாலந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்றும் சொல்கிறோம்.

அப்பா கொடுத்த கொடையைச் செப்பேட்டில் நிலைநிறுத்தியவன் ராஜேந்திரன். 1025-இல் ‘அலைகடல் நடுவுட் பலகலம் செலுத்தி’ கடாரம் கொண்டவனும் அவனேதான். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அப்புறம் நடந்தது. 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்க, முதலாம் குலோத்துங்கன் அதே விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். அந்தச் செப்பேடும் கிடைத்திருக்கிறது. 1025-ஐ மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள் டீச்சர். 1006, 1025, 1090 மூன்றையும் சேர்த்துப் பலகையில் எழுதுங்கள்.

அந்த விகாரம் இன்னும் இருக்கிறதா ஐயா? (பட்டர்வொர்த்)

இல்லை தம்பி. செங்கல்லால் ஆன ஒரு பௌத்தக் கோபுரம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்தது. ஊர்க்காரர்கள் புதுவெளிக் கோபுரம் என்பார்கள்; ஐரோப்பியர்கள் சீனக் கோபுரம் என்றார்கள். கடலில் வருகிறவர்களுக்குக் கரை காட்டிய கோபுரம் அது. 1867-இல் இடித்துவிட்டார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆனால் 1856 முதல் அந்த ஊர் மண்ணிலிருந்து சுமார் 350 பௌத்த வெண்கலச் சிலைகள் கிடைத்தன. சென்னை போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவசியம் பாருங்கள். புத்தரின் உச்சியில் தீச்சுடர் போல ஒன்று எழும்பி நிற்கும். அதுதான் நாகப்பட்டினத்துச் சிலையின் தனி அடையாளம்.

பாட்டி எப்போதும் நீலாயதாட்சி அம்மனைத்தான் கூப்பிடுவார். அந்தக் கோயிலுக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டா? (ஆயர் ஈத்தாம்)

உண்டு அம்மா. அது நாகைக் காரோணம் என்ற சிவன் கோயில். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். ஸ்ரீவிஜய அரசனின் அதிகாரிகள் அங்குள்ள இறைவனுக்கு நகை செய்யச் சீனக்கனகம், அதாவது சீனத்துப் பொன், கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. பௌத்த அரசனின் ஆட்கள் சிவனுக்குப் பொன் கொடுக்க, சைவ அரசன் புத்தனுக்கு ஊர் கொடுத்திருக்கிறான். அறுபத்துமூவரில் அதிபத்தரும் இந்த ஊர்தான். மீனவர். தினமும் வலையில் விழும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பல நாள் ஒரே ஒரு மீன் கிடைத்துக் குடும்பம் பட்டினி கிடந்தபோதும் விட்டார். கடைசியில் பொன்மீன் ஒன்று வந்தது, அதையும் விட்டார்.

சூலியா சாலையில் இருக்கும் நாகூர் தர்காவும் அந்த ஊர்தானா? (ஜார்ஜ் டவுன்)

நாகையை ஒட்டியதுதான் நாகூர். அங்கே அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக, கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே எழுப்பியது இது. அவர் உடல் நாகூரில்தான் இருக்கிறது. அங்குள்ள மிக உயர்ந்த மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங்.

தாத்தா ‘ரஜூலாவில் வந்தேன்’ என்பார். அது என்ன? (நிபோங் திபால்)

கப்பல். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வரும். 1926-இல் கட்டியது, 1970-கள் வரை ஓடியது. அடுத்து வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு பயணிகள் கப்பலும் நின்றது. என் தாத்தாவும் ரஜூலாவில் வந்தவர்தான். அவர் கொண்டுவந்த தகரப்பெட்டியில்தான் இன்றும் வீட்டுப் பத்திரங்களை வைத்திருக்கிறோம்.