வெயில் இருந்தும் மின்சாரம் இல்லாத நண்பகல்

அன்புள்ள ஐயா,

உலகின் ஆற்றல் தேவையில் பெரும்பகுதியைச் சூரியனும் காற்றும் நிறைவு செய்ய முடியும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டின் முகப்பும், முற்றத்தைச் சுற்றிய உட்கட்டாகிய வளவும் நாட்டு ஓடு வேய்ந்தவை என்பதால், பிற்காலத்தில் கட்டிய பின்கட்டின் மொட்டைமாடியில் என் மகன் மூன்று கிலோவாட் சோலார் தகடுகளைப் பொருத்தினான். மின்கட்டணம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் சென்ற சித்திரையில் ஒரு நண்பகல் மின்தடை ஏற்பட்டபோது, தகடுகளின் மேல் உச்சிவெயில் கொளுத்திக்கொண்டிருக்க, வீட்டில் ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை. ஒரு வீட்டுக்கே வேண்டிய நேரத்தில் உதவாதது உலகத்துக்கு எப்படி உதவும்?

ஓய்வுபெற்ற ஆசிரியை,
தேவகோட்டை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தகடுகளில் பழுது ஏதும் இல்லை. தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும், மின்வாரியக் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதை அறிந்த உடனே தானும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அவ்வாறு நிற்காவிட்டால், உங்கள் மாடியில் உண்டாகும் மின்சாரம் தெருக்கம்பிக்குப் போய், மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிரைப் பறித்துவிடும். மின்தடையின்போதும் வீடு இயங்க வேண்டுமானால், தெருக்கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு பேட்டரியோடு இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். முழு வீட்டுக்கும் அது தேவையில்லை; சில விளக்குகள், மின்விசிறிகள், ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் இணைப்பை மட்டும் தனியே பிரித்துக் கொடுத்தால் செலவு கைக்குள் நிற்கும்.

உங்கள் வீட்டில் நேர்ந்ததுதான் உலக அளவிலும் நேர்ந்துகொண்டிருக்கிறது. வெயிலுக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. அவை கிடைக்கும் நேரமும் நமக்கு மின்சாரம் வேண்டிய நேரமும்தான் பொருந்தவில்லை. நமக்கு அண்டையில் இருக்கும் கமுதியில் 2016 இல் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. அந்த 648 என்பது நல்ல வெயிலில் கிடைக்கும் உச்ச அளவு. இரவையும் மேகமூட்டத்தையும் சேர்த்து ஆண்டுச் சராசரி பார்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகள் ஆனி, ஆடியில் ஓயாமல் சுழலும். தை, மாசியில் அடங்கிவிடும். 2025 இன் நடுப்பகுதியில், இந்தியாவின் நிறுவுதிறனில், அதாவது எல்லா மின்நிலையங்களும் முழு வீச்சில் தரக்கூடிய அளவில், பாதி நிலக்கரி, எரிவாயு போன்றவற்றைச் சாராதது என்ற நிலை எட்டப்பட்டது. ஆயினும் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு நிலக்கரியிலிருந்தே வருகிறது. எத்தனை மெகாவாட் நிறுவினோம் என்ற அறிவிப்பைப் படிக்கும்போதெல்லாம், மாலை ஏழு மணிக்கு அதில் எத்தனை யூனிட் கிடைக்கும் என்று நாம் கேட்டாக வேண்டும்.

மாலை ஏழு மணிக்கான விடை சேமிப்பில் இருக்கிறது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று, மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ்அணையின் நீரை மேலே ஏற்றி வைத்து, தேவை மிகும் நேரத்தில் அதே நீரைச் சுழலிகள் வழியே இறக்குகிறது. ஏற்றி இறக்குவதில் இழப்பு உண்டு. இருந்தாலும் வீணாகப் போகவிருந்த மின்சாரம் கைக்கு வருகிறது. இத்தகைய மலைகள் எல்லா ஊருக்கும் வாய்க்காது என்பதால் பேட்டரிகளின் பங்கு பெரிது. 2010 க்குப் பிறகு சோலார் தகடுகளின் விலையும் லித்தியம் அயனி பேட்டரிகளின் விலையும் ஏறத்தாழ 90 சதவீதம் வீழ்ந்துவிட்டன. நான் நம்பிக்கையோடு எழுதியதற்குக் காரணம் இந்த வீழ்ச்சிதான். இதில் நமது வட்டாரத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 இல் அது திறக்கப்பட்டது. நாம் சிக்ரி என்று சொல்லி அன்றாடம் கடந்து போகும் அந்த வளாகத்தில், மின்சாரத்தை வேதிப்பொருளில் சேமிக்கும் ஆய்வு நடந்து வருகிறது. அங்கே செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொரு சோலார் பூங்காவுக்குச் செலவாகும் ரூபாயைவிட இன்று நமக்கு அவசியமானது என்பது என் உறுதியான கருத்து.

மின்சாரம் வேறு, மொத்த ஆற்றல் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2023 இல் உலக மின்உற்பத்தியில் 30 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வந்தது. ஆனால் நாம் நுகரும் ஆற்றலில் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு அளவே. லாரியின் டீசல், சிமென்ட் சூளையின் நெருப்பு, யூரியாவுக்கான இயற்கை எரிவாயு எல்லாம் அதற்கு வெளியே இருக்கின்றன. ஆகவே மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 80 சதவீதம் இன்னும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும்தான். அந்த 80 ஐயும் அப்படியே ஈடுகட்ட வேண்டியதில்லை என்பது ஆறுதல். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி குளிர்விக்கும் கோபுரத்தின் வழியே வீணாகிறது; பெட்ரோல் எஞ்சினிலும் அதே கதைதான். மின்சாரத்தில் ஓடும் காருக்கு அதே தூரம் ஓட மிகக் குறைந்த ஆற்றலே போதும். வீட்டுக்கும் இது பொருந்தும்: தடித்த சுண்ணாம்புச் சுவரும் முற்றமும் உள்ள உங்கள் வளவுக்கு மின்விசிறி போதும், இப்போது நம் ஊர்களில் எழும் கான்கிரீட் வீடுகளுக்கு ஏசி இல்லாமல் முடிவதில்லை. எஃகு, சிமென்ட், உரம், விமானம் ஆகியவற்றுக்கு மட்டும் எளிய வழி இன்னும் அமையவில்லை. அவற்றுக்குக் காலம் பிடிக்கும்.

உலகில் ஏறத்தாழ 70 கோடிப் பேர் இன்றும் மின்சாரமே இல்லாமல் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாட்டவர். வெயில் அவர்களுக்குக் குறைவில்லாமல் கிடைக்கிறது, தகடும் மலிந்துவிட்டது. இருந்தும் எட்டாமல் இருப்பதற்கு வட்டி ஒரு முக்கியக் காரணம். நிலக்கரி நிலையத்துக்கு எரிபொருளை ஆண்டுதோறும் வாங்கிக்கொள்ளலாம். சோலாருக்கு எரிபொருள் செலவே இல்லை, ஆனால் இருபத்தைந்து ஆண்டு மின்சாரத்துக்கான பணத்தில் பெரும்பகுதியை முதல் நாளே போட்டாக வேண்டும். கொண்டுவிற்று, அதாவது வட்டித் தொழில் செய்து வளர்ந்த செட்டிநாட்டுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை: நான்கு சதவீத வட்டிக்குக் கடன் கிடைக்கும் நாட்டில் மலிவாக இருக்கும் அதே தகடு, பன்னிரண்டு சதவீத வட்டி கட்டும் நாட்டில், வெயில் கூடுதலாக அடித்தாலும், அவ்வளவு மலிவாக இருப்பதில்லை. 2023 இல் துபாயில் கூடிய காலநிலை மாநாட்டில், 2030 க்குள் புதுப்பிக்கத்தக்க நிறுவுதிறனை மும்மடங்காக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த உறுதிமொழியைத் தந்த பணக்கார நாடுகள், குறைந்த வட்டியில் நெடுங்காலக் கடனையும் தர வேண்டும் என்று நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

அன்புடன்