உபதேசியார் மாமாவுக்கு புனிதர் பட்டம் வாங்க வீட்டுக்கு 5000 ரூபா கேக்குறாங்க, குடுக்கலாமா?

இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அவங்க தாய்மாமா தேயிலத் தோட்டத்து கோயில்ல முப்பது வருஷம் உபதேசியாரா, அதாவது பாதர் இல்லாத நாள்ல செபம் சொல்லி மறைக்கல்வி குடுக்குறவரா இருந்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால அடமழையில லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேல மண்ணு சரிஞ்சப்போ ரெண்டு புள்ளைகள தூக்கிட்டு வந்து வெளிய விட்டுட்டு, உள்ள மாட்டிக்கிட்ட ஒரு பாட்டிய கூட்டிட்டு வர்றேன்னு திரும்ப போனவர், வரவே இல்ல. இப்ப அவர் கல்லறையில சனங்க மெழுகுதிரி கொளுத்துறாங்க, வலிப்பு வந்த ஒரு பையனுக்கு சொகமாயிருச்சுன்னு பேச்சு. வெளியூர் ஆள் ஒருத்தர் வந்து கமிட்டி போட்டு, வீட்டுக்கு 5000 ரூபா குடுத்தா ஃபைல ரோமுக்கு அனுப்பி ரெண்டு வருஷத்துல பட்டம் எடுத்து தர்றேன்னு சொல்றாராம், தலைக்கு பின்னால ஒளிவட்டம் வச்சு "புனித"ன்னு போட்டு படமும் அடிச்சு வித்துட்டாராம். "அண்ணே, குடுக்காட்டி மாமாவுக்கு துரோகம் பண்ண மாதிரி ஆகிருமா?"ன்னு கேக்குறாங்க.

குடுக்காதீங்க தங்கச்சி. ஒரு சதம் கூட குடுக்காதீங்க, துரோகமும் இல்ல ஒன்னும் இல்ல.

நம்ம ஆளுங்க நெறைய பேர் புனிதர்ன்னா ரோம்ல குடுக்குற டிகிரின்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க, அது பிழை. திருச்சபை யாரையும் புனிதராக்குறது இல்ல. ஆண்டவர்கிட்ட போய் சேர்ந்த எல்லாருமே புனிதர் தான், பேர் தெரியாதவங்களுக்கும் சேத்து தான் நவம்பர் 1 ஆம் திகதி திருநாள் வைக்கிறோம். பவுல் கடிதம் எழுதுறப்போ உயிரோட இருந்த சாதாரண விசுவாசிகளையே அப்பிடித்தான் கூப்பிட்டார். ரோம் செய்யிறது என்னன்னா, ஒருத்தர் வாழ்ந்தத நல்லா தோண்டி துருவி பாத்துட்டு, இவர் நிச்சயமா அங்க இருக்கார், நீங்க எல்லாரும் பகிரங்கமா இவர்கிட்ட மன்றாடலாம்னு சொல்றது. அவ்வளவு தான். அதனால உங்க மாமாவ நெனச்சு வீட்டுல தனியா செபம் பண்ண உங்களுக்கு யார் அனுமதியும் தேவையில்ல, இன்னைக்கே பண்ணலாம். ஆனா கோயில் பீடத்துல படம் வைக்கிறது, "புனித"ன்னு பேர் போட்டு நவநாள் வைக்கிறது, இது தான் கூடாது.

இந்த ஒளிவட்ட விசயத்த கொஞ்சம் நிறுத்தி கேளுங்க, ஏன்னா கமிட்டிக்காரங்க செய்யிறதுலயே பெரிய கேடு இது தான். 1634 ல எட்டாம் உர்பான் பாப்பரசர் காலத்துல வந்த சட்டம், ரோம் தீர்ப்பு சொல்லுறதுக்கு முன்னால ஒருத்தருக்கு புனிதருக்கு குடுக்குற பகிரங்க வணக்கம் குடுக்கக்கூடாதுன்னு. இப்பவும் விசாரணை நடக்குறப்போ ஆண்டகையோ (மறைமாவட்ட ஆயர்) அவர் அனுப்புற ஆளோ கல்லறைக்கும் அவர் இருந்த எடத்துக்கும் நேர்ல போய், அப்பிடி ஒன்னும் நடக்கலைன்னு பாத்து எழுதி குடுக்கணும். அப்ப கல்லறைக்கு மேல "புனித"ன்னு கல்வெட்டும் ஒளிவட்டம் வச்ச சுரூபமும் இருந்தா என்ன எழுதுவாங்க? ஆர்வத்துல செஞ்சதே வழிய அடைச்சிரும். ஊவா பக்கம் ஒரு தோட்டத்துல நான் கண்ணால பாத்தேன், நல்ல ஒரு மனுசன், அவர் கல்லறைய சின்ன கோயில் மாதிரி கட்டி உண்டியலும் வச்சு, கடைசியில உண்டியல் காசுக்கு சண்ட வந்து அந்த மனுசன் பேரே நாறிப்போச்சு. எனக்கு இன்னைக்கும் அத நெனச்சா ஆத்திரம் வருது. எல்லா கல்லறையிலயும் கொளுத்துற மாதிரி மெழுகுதிரி கொளுத்துங்க, பூ வைங்க, அதுல பிழையில்ல. அந்த படத்த எடுத்திருங்க. அப்புறம், கல்லறை மண்ணு, அவர் போட்ட சட்டைத் துணின்னு பொட்டலம் கட்டி யாராவது வித்தா வாங்காதீங்க, திருப்பண்டம் விக்கிறத திருச்சபை சட்டம் அறவே தடை பண்ணியிருக்கு.

இப்ப பணம். செலவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், செலவு இருக்கு. ஆனா அந்த காசு எப்பிடி வருதுன்னா, ஒரு பங்கோ சபையோ மறைமாவட்டமோ மனுதாரரா நிக்கணும், ஆண்டகை ஏத்துக்கணும், அந்த வேலைக்குன்னு தனி நிதி, அதுக்கு ஒரு பொறுப்பாளர், வரவு செலவு கணக்கு, 2016 ல ரோமே இதுக்கு கடுமையா ஒழுங்கு போட்டாங்க. டவுன் பஸ் ஸ்டாண்ட்ல கொப்பிய நீட்டி கையெழுத்து வாங்குறவங்க இதுல எங்கயும் வரமாட்டாங்க. ரெண்டு வருஷத்துல எடுத்து தர்றேன்னு சொல்றவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, ஆண்டகையோட கடிதம் எங்கன்னு. ஒருத்தர் எந்த மறைமாவட்டத்துல இறந்தாரோ அந்த ஆண்டகை தான் இத தொடங்கலாம், மஸ்கெலியான்னா கண்டி ஆண்டகை. இறந்து குறைஞ்சது அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், உங்களுக்கு அது தாண்டிருச்சு. தொடங்குனா மொதல்ல இறை ஊழியர்னு சொல்லுவாங்க, பிறகு வணக்கத்துக்குரியவர், முத்திப்பேறு பெற்றவர், கடைசியில தான் புனிதர். நம்ம யோசப் வாஸ் அடிகளார் கண்டியில இறந்தது 1711, புனிதர்னு காலிமுகத்திடல்ல அறிவிச்சது 2015 ஜனவரி 14. 304 வருஷம்!

மாமா வேதசாட்சியான்னும் கேட்டிருந்தீங்க. இல்ல. விசுவாசத்த வெறுத்து ஒருத்தர் கொன்னா தான் வேதசாட்சி, மண்ணுக்கு வெறுப்பு கெடையாது. ஆனா இங்க ஒரு தனி வழி இருக்கு, இத யாரும் உங்களுக்கு சொல்லியிருக்க மாட்டாங்க. 2017 ஜூலையில போப் பிரான்சிஸ், வேதசாட்சியும் இல்லாம, புண்ணியங்கள வீரத்தனமா வாழ்ந்தார்னு நிரூபிக்கிறதும் இல்லாம, அடுத்தவங்களுக்காக உயிர குடுத்தவங்களுக்குன்னு ஒரு புது வழி தொறந்தார். அதுக்கு முன்னால இப்பிடி ஆளுங்கள எந்த பொட்டியில போடுறதுன்னே தெரியாம தான் இருந்துச்சு. அவுஷ்விட்ஸ் முகாம்ல இன்னொரு கைதிக்கு பதிலா 1941 ல செத்த மாக்சிமிலியன் கோல்பே அடிகளார 1971 ல முத்திப்பேறு பட்டம் குடுக்குறப்போ வேதசாட்சின்னு சொல்லல, 1982 ல புனிதர் பட்டம் குடுக்குறப்போ தான் வேதசாட்சின்னு சொன்னாங்க.

ஆனா மண்சரிவுல செத்த எல்லாரும் இதுல வரமாட்டாங்க. தூங்கிக்கிட்டு இருந்து அள்ளுப்பட்டவங்க வரமாட்டாங்க, மீரியபெத்தையில 2014 ல போன அத்தன பேரும் நம்ம நெஞ்சுல இருக்காங்க, ஆனா இது வேற. சாவு நிச்சயம்னு தெரிஞ்சே, யாரும் கட்டாயப்படுத்தாம, அன்புக்காக போயிருக்கணும், அப்பிடி போனதாலயே காலத்துக்கு முன்னால செத்திருக்கணும். மொத தடவ உள்ள போனப்போ மலை இன்னும் வரும்னு அவருக்கு தெரியாம இருந்திருக்கலாம். ரெண்டாவது தடவ? யாராவது "போகாதீங்க, மேல வெடிச்சிருக்கு"ன்னு கத்துனாங்களா, அவர் அத கேட்டாரா, கேட்டுட்டு என்ன சொன்னார்? உங்க மாமா விசயமே அந்த ஒரு நிமிசத்துல தான் நிக்கிது. அதுக்கு முன்னால அவர் சாதாரணமா ஒரு நல்ல கிறிஸ்தவனா வாழ்ந்திருந்தா போதும், இறந்த பிறகு அவர் புனிதர்ங்குற பேர் சனங்க மத்தியில தானா பரவியிருக்கணும், காசு குடுத்து பரப்புனது கணக்குல வராது. இந்த வழியிலயும் முத்திப்பேறு பட்டத்துக்கு ஒரு புதுமை, அதாவது அற்புதம், வேணும்.

புதுமைன்னா அந்த பையன் கத. வலிப்பு சில புள்ளைகளுக்கு வளர வளர தானாவே நின்னுரும், டாக்டர்மார் மொதல்ல அதத்தான் கேப்பாங்க. சொகம் டக்குனு வந்துச்சா, முழுசா வந்துச்சா, திரும்ப வரலையா, மருந்தால விளக்க முடியாதா, மாமாகிட்ட மட்டும் மன்றாடுனாங்களா இல்ல அந்தோனியார் நவநாளும் சேந்து நடந்துச்சா. கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட் எல்லாம் இருக்கான்னு பாத்து பத்திரப்படுத்த சொல்லுங்க, மழை ஒழுகுற கூரைக்கு கீழ வைக்காம.

எனக்கு கோவம் வர்ற எடம் ஒன்னு இருக்கு. துறவற சபைகள்ல ஒருத்தர் இறந்தா ஃபைல் எழுத ஆள் இருக்கு, இத்தாலி மொழி தெரிஞ்சவங்க இருக்காங்க, காசு இருக்கு. பாதர் மாசத்துக்கு ஒரு தடவ வர்ற தோட்டங்கள்ல செபமாலை சொல்லி, புள்ளைகளுக்கு மறைக்கல்வி குடுத்து, சாவு வீட்டுல மொத ஆளா போய் நின்ன உபதேசியாருக்கு யார் இருக்கா? நாம கடிதம் எழுதுனா மேசையில கெடக்கும், பதில் வராது, பதில் வராத எடத்துல தான் புரோக்கர் வந்து நிக்கிறான். அதுக்காக விட்டுறாதீங்க. பங்குத்தந்தைக்கு எழுத்துல குடுங்க, ஒரு பிரதி வச்சிக்கங்க, மூனு மாசத்துல பதில் இல்லன்னா மறுபடி குடுங்க, கண்டி ஆண்டகைக்கும் ஒன்னு அனுப்புங்க.

அதுக்கு முன்னால, மாமா தூக்கிட்டு வந்த அந்த ரெண்டு புள்ளைகளும் இப்ப வளந்திருப்பாங்க, கொழும்புக்கு கடை வேலைக்கு போயிருந்தாலும் தேடி புடிங்க. அன்னைக்கு வெளிய நின்ன ஆளுங்களையும் தான், வயசானவங்கள மொதல்ல. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கேளுங்க, சேத்து உக்கார வச்சா ஒரே கதையா மாறிரும். அவங்க சொன்னத சொன்ன மாதிரியே எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வாங்குங்க. கூட்டாம குறைக்காம.