தேத்தண்ணிக்குள் ஒளிக்கும் குளிசை

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது, மனச்சிதைவு. குளோசப்பின் குளிசை எழுதியிருக்கிறார்கள், குடிக்க மறுக்கிறார். அம்மா தூளாக்கித் தேத்தண்ணியில் கலந்து கொடுக்கிறா. வான்காரர் ஒருவர், காசு தந்தால் நாலு பேரோடு வந்து கட்டி ஏற்றிப்போய் மாத ஊசி போடுவிக்கிறேன் என்கிறார். சம்மதிக்கலாமா? (சாவகச்சேரி வாசகி)

சம்மதிக்க வேண்டாம். தேத்தண்ணியையும் இன்றோடு நிறுத்துங்கள்.

பாதியை அவர் முற்றத்தில் ஊற்றினால் பாதி மருந்துதான் உள்ளே போகும். கிளினிக்கில் குணமில்லை என்று அளவைக் கூட்டுவார்கள். குளோசப்பின் குளிசை 48 மணித்தியாலத்துக்கு மேல் தவறினால் பழைய அளவில் தொடரவே கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏறவேண்டும். ஒளித்துக் கொடுப்பவருக்கு எத்தனை வேளை தவறியது என்று எப்படித் தெரியும்? கோப்பையின் அடியில் வெள்ளைத் தூளை ஒருநாள் கண்டாரென்றால் அம்மா கையால் சோறும் தின்னமாட்டார். நஞ்சு வைக்கிறார்கள் என்ற பயத்துக்கு வீட்டுக்காரரே சாட்சி சொன்ன மாதிரி. கலந்ததைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள், ஏசினாலும் பரவாயில்லை.

வான்காரரிடம் எந்த ஊசி, எத்தனை மில்லிகிராம், யார் எழுதியது என்று கேட்டுப் பாருங்கள். வழக்கமான புளுபெனசின் டெக்கனோவேட் என்றால் கிழமைக்கணக்கில் உடம்பில் நிற்கும். கை கால் இறுகினால் திருப்பி எடுக்க வழியில்லை. அதனால்தான் முதலில் 12.5 மில்லிகிராம் மட்டும் போட்டுப் பார்ப்பது.

தம்பியிடம் ஆறுதலாகக் கேளுங்கள்: "இந்தக் குளிசையில உனக்கு என்ன பிடிக்கேல்ல?" பகல் நித்திரையா, தலையணை நனைய எச்சில் வடிகிறதா, உடம்பு வைக்கிறதா? ஆண்மைக் குறையை அக்காவிடம் சொல்லமாட்டார். வைத்தியரோடு தனியே விடுங்கள். நேரம், அளவு, மருந்து எல்லாம் மாற்றலாம். குரல் கேட்கிறது என்பதற்காக ஒருவர் முடிவெடுக்கத் தெரியாதவர் ஆகிவிடமாட்டார். மருந்து எதற்கு, விட்டால் என்ன நடக்கும் என்று விளங்கி, சீர்தூக்கிச் சொல்ல முடிகிறதா என்பதே கணக்கு.

உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அவர் சம்மதத்துக்குக் காத்திராதீர்கள். தண்ணீரும் குடிக்கவில்லை, கத்தி எடுத்துவிட்டார், சாகப்போகிறேன் என்கிறார்: இவை ஆபத்து. குளிக்காதது ஆபத்தல்ல. சத்தம் போடுவது, சுருட்டுப் பிடிப்பது, பேசிவந்த கலியாணத்தை மறுப்பது ஆபத்தல்ல. அயலவர் முறைப்பாடும் ஆபத்தல்ல. ஆபத்தென்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மனநல ஆலோசனைக்கு 1926, இரவிலும் எடுப்பார்கள். இலங்கையின் மனநோய்ச் சட்டமோ 1873இல் எழுதி 1956இல் திருத்தியது; புதியது வருகிறது, வருகிறது என்று கேட்டே காது புளித்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தெளிவாக இருக்கும் நாளில் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதுவியுங்கள்: இரண்டு இரவு நித்திரை இல்லையென்றால் யாரைக் கூப்பிடுவது, எந்த மருந்து ஒத்துவராது, யார் தொடக்கூடாது. திகதி போட்டு ஒப்பமிட்டு அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.